கீமோவுக்குப் பின் வயிற்று வலி: ஸ்கேனில் குடல் சுவர் 7 மி.மீ., 9 மி.மீ. என்று வந்தால் என்ன பொருள்?

கேள்வி சுருக்கமாக: தம்பிக்கு 34 வயது. ஏ.எம்.எல். என்னும் தீவிர ரத்தப் புற்று. முதல் கீமோ முடிந்து சில நாள் ஆகிறது, நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) கவுண்ட் 100-க்கும் கீழே. காய்ச்சல், வலப்பக்க அடிவயிற்றில் வலி, வயிற்றுப்போக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் படுக்கையருகே வந்து வயிற்றை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். முதல் ரிப்போர்ட்டில் குடல் சுவர் 7 மி.மீ., அடுத்ததில் 9 மி.மீ. வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். புற்று குடலுக்குப் பரவிவிட்டதா? சி.டி. எடுக்காமல் இந்தச் சின்ன மிஷினை வைத்துக்கொண்டு ஏன் நாளைக் கடத்துகிறார்கள்?

நான் கதிரியக்க மருத்துவன். ரத்தப் புற்று வார்டில் இப்படிப் படுக்கையருகே ஸ்கேன் எடுப்பது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. உங்கள் தம்பியின் படங்களை நான் பார்க்கவில்லை. சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் அவரைத் தினமும் பார்க்கும் டாக்டர்தான். ஆனால் அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, எதைக் கேட்பது என்று சொல்ல முடியும்.

முதலில் உங்களை அதிகம் பயமுறுத்தும் விஷயம். குடல் சுவர் தடித்திருக்கிறது என்றதும் புற்று அங்கே இறங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரத்தப் புற்று செல்கள் குடல் சுவரில் போய்த் தங்குவது அறவே நடக்காதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கீமோ ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில், கவுண்ட் அடிமட்டத்தில் கிடக்கும்போது, காய்ச்சலோடு அடிவயிறு வலித்தால் முதலில் நினைக்க வேண்டியது நியூட்ரோபீனிக் என்டிரோகொலைட்டிஸ், அதாவது நியூட்ரோபில் இல்லாத நேரத்தில் குடலில் வரும் அழற்சி. சில ரிப்போர்ட்டுகளில் டிஃப்லைட்டிஸ் என்று பழைய பெயரில் எழுதுவார்கள். எது எழுதியிருந்தாலும் சமாச்சாரம் ஒன்றுதான். ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடம் இதை 1970-ல் அமெரிக்காவில் விவரித்தார்கள். அப்போது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. இன்று உயிரோடு இருக்கும்போதே, படுக்கையிலேயே கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான் உங்கள் தம்பியின் விஷயத்தில் நடந்துகொண்டிருப்பது.

குடலுக்கு என்ன ஆகிறது? ஏ.எம்.எல்.-க்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் ‘7+3’ எனப்படும் முறை: சைட்டரபின் ஏழு நாள், டானோரூபிசின் அல்லது இடாரூபிசின் மூன்று நாள். இந்த மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கும். அது புற்று செல்லா, நல்ல செல்லா என்று பார்க்காது. குடலின் உள்சவ்வு சில நாளுக்கு ஒருமுறை தன்னையே புதுப்பித்துக்கொள்வது, அதனால் அடி அதன் மேலும் விழுகிறது. சைட்டரபின் இந்த விஷயத்தில் பேர்போனது. தம்பியின் வாயில் புண் வந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் குடலிலும் அதே மாதிரிச் சேதம் இருக்கலாம்.

குடலுக்குள் கிருமிகள் எப்போதும் உண்டு: ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், கேண்டிடா பூஞ்சை. சவ்வு முழுசாக இருந்து, காவலுக்கு நியூட்ரோபில்களும் இருக்கும்வரை அவை தம் இடத்தில் இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய நியூட்ரோபில் 500-க்குக் கீழே போய்விட்டால், கிழிந்த சவ்வு வழியாகக் கிருமிகள் சுவருக்குள்ளே நுழைகின்றன. சுவர் நீர் கோத்து வீங்குகிறது. பிளேட்லெட்டும் குறைவாக இருப்பதால் சுவருக்குள் ரத்தம் கசியலாம். நிலைமை மோசமானால் சுவரின் திசு செத்து ஓட்டை விழலாம், அல்லது கிருமி ரத்தத்தில் ஏறி, உடல் முழுக்கப் பாதிக்கும் செப்சிஸ் ஆகலாம்.

வலப்பக்கம் ஏன் என்றால், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் சீக்கம் என்ற பை அங்கேதான் இருக்கிறது. பெருங்குடலிலேயே அகலமான பகுதி அது. உள்ளே அழுத்தம் கூடினால் சுவர் அதிகம் இழுபடுவதும், இழுபட்ட சுவருக்கு ரத்த ஓட்டம் குறைவதும் முதலில் அங்கே. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் பெருங்குடலின் மற்ற பகுதிகளுக்கும்கூட வீக்கம் பரவலாம். அதனால் வலி இடப்பக்கமோ நடுவிலோ இருந்தாலும் இது இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த நோயில் கையால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றிவிடும். சாதாரண ஆளுக்குக் குடல்வால் வீங்கினால் வயிறு பலகை மாதிரி இறுகும், தொட்டாலே துள்ளுவார். அந்த எதிர்வினையில் பெரும்பங்கு நியூட்ரோபில்களுடையது. சீழ் பிடிப்பதற்கே அவை வேண்டும். அவை இல்லாதவருக்கு உள்ளே பெரிய சேதம் நடந்துகொண்டிருக்கும்போதும் வயிறு மெத்தென்று இருக்கலாம். கூடவே ஸ்டீராய்டும் போய்க்கொண்டிருந்தால் வலியும் காய்ச்சலும்கூட அமுங்கிவிடும். அதனால்தான் இந்த வார்டுகளில் ‘கொஞ்சம் வயிறு வலிக்குது’ என்று யாராவது சொன்னால், அது சாதாரண வயிற்று வலியாக இருக்கட்டும் என்று காத்திராமல் ஸ்கேனுக்கு எழுதிவிடுகிறார்கள்.

இனி ஸ்கேன். நோயாளியை அறையைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை என்பதால் மிஷின் அவரிடம் போகிறது. போகும் முன், வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் புரோபையும் அதன் வயரையும் கிருமிநாசினியால் துடைத்து, மேலே உறை போட்டு, புதிதாகப் பிரித்த ஜெல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். கவுண்ட் 100-க்குக் கீழே இருப்பவரிடம், முந்தைய நோயாளியின் வயிற்றில் வைத்த புரோபை அப்படியே கொண்டுபோய் வைப்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. உங்கள் கண் முன்னால் அப்படி நடந்தால் தயங்காமல் கேளுங்கள்.

முதலில் வளைந்த முகமுள்ள புரோபால் வயிறு முழுக்க ஒரு சுற்று: கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல், சிறுநீரகம், எங்காவது தண்ணீர் கோத்திருக்கிறதா என்று. அப்புறம் நேரான முகமுள்ள, அதிர்வெண் கூடிய புரோபுக்கு மாறுவோம். அதில் ஆழமாகப் பார்க்க முடியாது. ஆனால் மேலாகக் கிடக்கும் குடலை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கலாம். எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லி, அங்கே புரோபை வைத்து, நோயாளி மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவோம். 1986-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த புய்லார்ட் என்ற கதிரியக்க மருத்துவர் குடல்வால் அழற்சிக்காக விவரித்த முறை இது. அழுத்த அழுத்த நடுவில் இருக்கும் வாயு ஒதுங்கும். நல்ல குடல் நசுங்கிவிடும், வீங்கிய குடல் நசுங்காமல் அப்படியே நிற்கும். பிளேட்லெட் குறைந்த, நைந்த குடலுள்ள ஆள் என்பதால் ஒரு கண் திரையில், ஒரு கண் அவர் முகத்தில். முகம் சுளித்தால் கையைத் தளர்த்திவிட வேண்டும்.

நல்ல குடலின் சுவர் 2-3 மி.மீ. தான். அதற்குள்ளேயே கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய வரிகள், அடுக்கடுக்காகத் தெரியும். என்டிரோகொலைட்டிஸில் உள்சவ்வுக்கு அடியில் இருக்கும் அடுக்கு நீர் கோத்து வெள்ளையாக உப்பிவிடும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மெதுவடை போலத் தெரியும்: சதைப்பற்றான வளையம், நடுவில் சின்ன ஓட்டை. அந்த வளையத்தின் ஒரு பக்கத்துத் தடிமனைத்தான் ரிப்போர்ட்டில் 7, 9 என்று எழுதியிருக்கிறார்கள்.

அளப்பது பார்க்கும் அளவுக்குச் சுலபமில்லை. குடல் சுருங்கும் நொடியில் அளந்தால் நல்ல குடல்கூடத் தடிமனாகக் காட்டும். புரோப் சாய்ந்திருந்தாலும் எண் கூடும். சுருங்கிய குடல் விரியும்வரை சில நொடி பொறுத்திருந்து, இரண்டு மூன்று இடத்தில் அளந்து, நீளவாக்கிலும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். பெரியவர்களிடம் அதுவரை வந்த ஆய்வுகளை ஜெர்மனியின் பான் நகர மருத்துவர்கள் 2005-ல் தொகுத்தபோது ஒரு வரையறையை முன்வைத்தார்கள்: குறுக்குவாட்டில் சுவர் 4 மி.மீ.-க்கு மேல், அதுவும் நீளவாக்கில் 30 மி.மீ.-க்கு மேற்பட்ட பகுதியில். ஏதோ ஒரு புள்ளியில் தடிப்பது கணக்கில் வராது என்பதற்காகத்தான் அந்த 30. தீவிர ரத்தப் புற்று உள்ளிட்ட நோய்களுக்காக மருத்துவமனையில் கீமோ பெற்ற பெரியவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இது வருகிறது என்றும் அந்தத் தொகுப்பு சொல்லியது. எல்லா மருத்துவமனையும் 4 என்று வைத்துக்கொள்வதில்லை. சிலர் 3, சிலர் 5. உங்கள் தம்பியின் 7 எந்தக் கணக்கில் பார்த்தாலும் தடித்த சுவர்தான்.

சரி, 7-க்கும் 9-க்கும் என்ன வித்தியாசம்? இங்கே ரோம் நகர லா சபியென்சா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்த்தோனியும் சகாக்களும் 2001-ல் வெளியிட்டது. ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 1,450 பேரில் 88 பேருக்குக் காய்ச்சல், வயிற்று வலி, வயிற்றுப்போக்கு என்று சந்தேகம் வந்து அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். சரிபாதி, 44 பேருக்குக் குடல் சுவர் தடித்திருந்தது. தடிக்காத 44 பேரில் இந்தச் சிக்கலால் ஒருவர்கூட இறக்கவில்லை. தொந்தரவும் சராசரியாக 3.8 நாளில் அடங்கிவிட்டது. தடித்தவர்களுக்கு 7.9 நாள் நீடித்தது, 29.5 சதவீதம் பேர் இறந்தார்கள். அந்த 44 பேருக்குள்ளேயே 10 மி.மீ.-க்கு மேல் போனவர்களில் 60 சதவீதம் பேரும், அதற்குக் குறைவாக இருந்தவர்களில் 4.2 சதவீதம் பேரும் இறந்தார்கள்.

இந்த 60-ஐப் பார்த்து நெஞ்சு அடைத்துப்போக வேண்டாம். அது இருபது பேர் அளவிலான சிறு கூட்டத்தின் கணக்கு. கால் நூற்றாண்டுக்கு முந்தைய சிகிச்சை. அந்த 10 என்பதும் தாண்டினால் விழுந்துவிடும் விளிம்பு அல்ல. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரே காய்ச்சல், ஒரே வலி, ஒரே கவுண்ட் உள்ள இரண்டு பேரில் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதை, கதிர்வீச்சு இல்லாத ஒரு மிஷின் படுக்கையருகிலேயே பிரித்துக் காட்டியது. அதைத்தான் உங்கள் டாக்டர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், தனியாக நிற்கும் ஒரு எண்ணைவிட எண் போகும் திசைக்குத்தான் மதிப்பு அதிகம். ஒரு மி.மீ. ஏறியதை நான் ஏற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. கை மாறினாலே அவ்வளவு மாறும். 2 மி.மீ. கொஞ்சம் யோசிக்க வைக்கும். இரண்டு ஸ்கேனையும் எடுத்தவர் ஒரே ஆளா, அதே இடத்தில் அளந்தாரா என்று கேளுங்கள். அப்படியானால் வீக்கம் இன்னும் ஏறுமுகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், கவுண்ட் எழும்பாத நேரத்தில் அது எதிர்பாராததும் அல்ல. கவுண்ட் ஏறத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் காய்ச்சல் விடும், வலி குறையும், குடல் சுவர் மெலிவது அதற்குப் பின்னால்தான் வரும். ஆகவே ஆள் தெளிவாகி, எண் மட்டும் இறங்காமல் இருந்தால் கலங்காதீர்கள். எண் அப்படியே நின்று ஆள் சோர்ந்துகொண்டே போனால் அதுதான் கெட்ட சேதி.

தடிமனைத் தவிர வேறு சிலவற்றையும் பார்த்து எழுதுவோம், வீட்டார் கண்ணில் பெரும்பாலும் அவை படுவதில்லை. டாப்ளர் போட்டால் வீங்கிய சுவருக்குள் ரத்த ஓட்டம் நிறமாகத் தெரியும். ஓட்டம் கூடியிருந்தால் அழற்சி, சுவர் உயிரோடு இருக்கிறது. தடித்த சுவரில் ஓட்டமே தெரியவில்லை என்றால் திசு சாகிறதோ என்ற கவலை வரும். அடுக்குகள் கலைந்து ஒரே சாம்பலாகத் தெரிவதும் நல்லதல்ல. குடலைச் சுற்றிய கொழுப்பு வெள்ளையாகத் தடித்திருக்கிறதா, குடல் அசைகிறதா, பக்கத்தில் நீர் தேங்கியிருக்கிறதா என்பதும் உண்டு. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடுவது வாயுவை: சுவருக்குள்ளேயே பொட்டுப் பொட்டாக மின்னும் வாயு, அல்லது கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் நகரும் குமிழ்கள், அல்லது வயிற்றின் முன்சுவருக்கு அடியில் குடலுக்கு வெளியே தெரியும் காற்று. கடைசியாகச் சொன்னது ஓட்டை விழுந்ததற்கான அடையாளம். அதைக் கண்ட நிமிடமே ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திராமல் போனை எடுக்க வேண்டும்.

சி.டி. விஷயத்துக்கு வருகிறேன். அல்ட்ராசவுண்டைவிட சி.டி. அதிகம் காட்டும், அதில் சந்தேகமே இல்லை. குடலில் வாயு நிரம்பியிருந்தால் அல்ட்ராசவுண்ட் அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காது. உடல் பருத்தவரிடமும் திணறும். எடுப்பவரின் கையைப் பொறுத்தும் தரம் மாறும். சி.டி.க்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஆனால் நியூட்ரோபில் இல்லாத ஆளைத் தனி அறையிலிருந்து லிஃப்டில் இறக்கி, எல்லோரும் வந்துபோகும் ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே படம் தெளிவாக ஊசியில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து, ஏற்கனவே வான்கோமைசின், ஆம்ஃபோடெரிசின் போன்ற கிருமி, பூஞ்சை மருந்துகளால் திணறும் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. ஒரு தடவை எடுப்பதற்கு இதெல்லாம் பெரிய தடையல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பதற்குத்தான் சி.டி. ஒத்துவராது, இந்த நோயில் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது.

அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைக்காதீர்கள். ஓட்டை விழுந்த சந்தேகம், ரத்த அழுத்தம் இறங்குவது, அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியாதபோதும் ஆள் மோசமாவது, வாயுவால் எதுவுமே தெரியாதது, அறுவைச் சிகிச்சையை யோசிக்க வேண்டிய கட்டம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் நானே சி.டி. கேட்பேன். அல்ட்ராசவுண்ட் ‘நார்மல்’ என்று வந்ததை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்குத் தடிக்காத சுவர் நாளைக்குத் தடிக்கலாம். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இந்தக் கட்டத்தில் வேண்டாம்; நைந்த குடலில் காற்றை ஊதினால் ஓட்டை விழும் அபாயம்.

தடித்த குடல் சுவர் எல்லாமே என்டிரோகொலைட்டிஸ் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆன்டிபயாடிக் நீண்ட நாள் போனவர்களுக்கு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியால் பெருங்குடல் முழுக்கத் தடிக்கலாம். ஸ்கேனில் பிரித்துச் சொல்வது கடினம், மலத்தில் நச்சைத் தேடும் பரிசோதனைதான் சொல்லும். சைட்டோமெகலோ வைரஸ் இன்னொன்று. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தாலே குடல் சுவர் லேசாக ஊறும். நம் நாட்டில் காசநோயையும் மறக்கக்கூடாது: அதுவும் இதே சீக்கத்தைத்தான் விரும்பிப் பிடிக்கும். பக்கத்தில் நடுப்பகுதி அழுகிய நெறிக்கட்டிகள் தெரிந்தாலோ, கவுண்ட் ஏறிய பிறகும் தடிப்பு அப்படியே இருந்தாலோ நான் அந்தப் பக்கம் யோசிப்பேன். நீங்கள் கேட்ட ரத்தப் புற்றின் ஊடுருவலும் கவுண்ட் ஏறியும் விலகாத தடிப்பில்தான் சந்தேகப் பட்டியலுக்கு வரும். எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்தவர்களின் கதை தனி, அங்கே, கொடையாளியின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. வந்து சேரும்.

குடலைப் பார்க்கப் போய் மற்ற உறுப்புகளில் தட்டுப்படுவதும் உண்டு. ஏ.எல்.எல். என்னும் இன்னொரு வகைத் தீவிர ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் ஆஸ்பராஜினேஸ் என்ற மருந்து கணையத்தை வீங்கவைக்கும்; மேல்வயிற்றில் வலி தொடங்கி முதுகுக்குப் போகும். வாயு மறைப்பதால் கணையத்தை அல்ட்ராசவுண்ட் அவ்வளவு நன்றாகக் காட்டாது, லைப்பேஸ் ரத்தப் பரிசோதனையைத்தான் முதலில் நம்ப வேண்டும். அதே ஏ.எல்.எல்.-க்கான வின்கிரிஸ்டின் குடலின் நரம்பை மந்தமாக்கி அசையாமல் நிறுத்திவிடும்; கூடவே வொரிகோனசோல், போசகோனசோல் வகைப் பூஞ்சை மருந்து போனால் இன்னும் கூடும். ஸ்கேனில் குடல் உப்பி அசையாமல் கிடக்கும், சுவர் மட்டும் மெல்லியதாகவே இருக்கும். செஃப்ட்ரியாக்சோன் ஊசி போனவர்களுக்குப் பித்தப்பையில் கல் போலத் தெரியும் படிவு வரலாம்; மருந்தை நிறுத்தினால் தானே கரைந்துவிடும், அதற்காகப் பித்தப்பையை எடுக்க ஓட வேண்டாம்.

கல்லீரலில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கவுண்ட் ஏறிவிட்டது, எல்லோரும் நிம்மதியானார்கள், காய்ச்சல் மட்டும் விடவில்லை என்றால், கல்லீரலிலும் மண்ணீரலிலும் கேண்டிடா பூஞ்சை இறங்கியிருக்கலாம். கவுண்ட் இல்லாத நாட்களில் எடுத்த ஸ்கேனில் அது தெரியாமலே இருந்திருக்கும், ஏனென்றால் பூஞ்சையைச் சுற்றி வளைத்துப் புள்ளியாகக் காட்டுவதும் அந்த வெள்ளணுக்கள்தான். கவுண்ட் வந்த பிறகு திரும்ப எடுத்தால் சின்னச் சின்னப் பொட்டுகளாக, சில நேரம் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். ‘போன வாரம்தான் லிவர் நார்மல்னு வந்ததே’ என்று யாராவது மறு ஸ்கேனைத் தட்டிக்கழித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்றது பட்டினி போடுவதற்காக இல்லை. குடலுக்கு ஓய்வு கொடுத்து, உள்ளே அழுத்தம் ஏறாமல் வைப்பதற்காக. டிரிப்ஸில் நீரும் உப்பும், நாள் நீண்டால் ரத்தக்குழாய் வழியே சத்தும் போகும். சூடோமோனாஸையும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் குடல் கிருமிகளையும் சேர்த்து அடக்கும் பைப்பராசிலின்-டாசோபாக்டம் அல்லது மெரோபெனெம் மாதிரி ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கும். காய்ச்சல் நீடித்தால் பூஞ்சை மருந்தும் சேர்ப்பார்கள். கவுண்டை ஏற்றும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசியையும் சில டாக்டர்கள் போடுவார்கள். பிளேட்லெட் ஏற்றுவார்கள். பெரும்பாலானவர்கள் கத்தி வைக்காமலே இதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். அறுவைச் சிகிச்சை எப்போது என்பதற்கு 1986-ல் ஷாம்பெர்கரும் சகாக்களும் வகுத்த நான்கு காரணங்களை இன்றும் சொல்வார்கள்: கவுண்டும் பிளேட்லெட்டும் உறைதலும் சரியான பிறகும் நிற்காத ரத்தப்போக்கு, ஓட்டை, ரத்த அழுத்தத்தை மருந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு நிலை மோசமாவது, நியூட்ரோபில் நன்றாக இருப்பவராக இருந்தாலும் வயிற்றைத் திறந்தே ஆக வேண்டிய வேறு சிக்கல்.

உங்கள் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. வயிற்றுப்போக்கை நிறுத்த லோபெரமைடு மாத்திரையை மெடிக்கலில் வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்; குடல் நின்றுபோனால் உள்ளே அழுத்தம் கூடும். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, அங்கே தெர்மாமீட்டர், மூன்றும் கூடாது. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமாலும் வேண்டாம், காய்ச்சல் மறைந்து எல்லோரையும் ஏமாற்றும். வலி சட்டென்று வயிறு முழுக்கப் பரவினாலும், வயிறு உப்பினாலும், மலம் கறுத்தோ ரத்தமாகவோ போனாலும், பேச்சு குழறினாலும், சிறுநீர் குறைந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரை பொறுக்காமல் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். ரொம்ப நேரம் வலித்த வயிறு திடீரென்று லேசானால் அதையும் சொல்லுங்கள், ஓட்டை விழுந்த பிறகு கொஞ்ச நேரம் அப்படி இருப்பதுண்டு.

‘சின்ன மிஷின்’ என்று எழுதியிருந்தீர்கள். வார்டுக்கு வரும் மிஷின் சின்னதுதான், குடல் சுவரை அளக்க அது போதும். சிலர் கேட்பார்கள், ஸ்டெதாஸ்கோப் அளவில் கிடைக்கும் மிஷினை வார்டு டாக்டரே வைத்துக்கொண்டு ராத்திரியிலும் பார்க்கலாமே என்று. சில வெளிநாடுகளில் ரத்தப் புற்று டாக்டர்களே அப்படிப் பார்க்கிறார்கள். இந்தியாவில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மிஷினும் இன்ன இடம், இன்னார் பயன்படுத்துவது என்று பதிவாக வேண்டும். எடுத்துச் செல்லும் மிஷினுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். சட்டத்தின் நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புற்றுநோய் வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு வலிக்கும் வயிற்றுக்கு, பதிவுள்ள ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. உங்கள் மருத்துவமனையில் இரவிலும் விடுமுறையிலும் யார் ஸ்கேன் எடுப்பார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் சீக்கிரம் கேட்கப்போகும் கேள்வி: அடுத்த கீமோ என்ன ஆகும்? குடல் ஆறி, கவுண்ட் வந்த பிறகுதான் அடுத்த சைக்கிளை ஆரம்பிப்பார்கள். அதனால் சில நாளோ சில வாரமோ தள்ளிப்போகலாம். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த சைக்கிளில் மறுபடி வர வாய்ப்பு உண்டு, முக்கியமாக அதிக அளவு சைட்டரபின் கொடுக்கும்போது. மருந்தின் அளவை மாற்றுவதா, அப்படியே கொடுப்பதா என்பது புற்று எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து டாக்டர் எடுக்கும் முடிவு. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கீமோ தொடங்குவதற்கு முன்னால், வயிறு நன்றாக இருக்கும்போதே ஒரு ஸ்கேன் எடுத்து, சீக்கத்தின் சுவர் எத்தனை மி.மீ. என்று ரிப்போர்ட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை காய்ச்சலும் வலியும் வந்து யாராவது 5 என்று எழுதினால், அது தம்பியின் பழைய தழும்பா, புதிய வீக்கமா என்பதை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.